மருந்தும் பாரமும்: நீரிழிவுப் பாதப்புண் மருத்துவ ஒப்பீட்டின் வரலாறு (மதுரைச் சமவெளியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

நீரிழிவு நோயாளரின் உள்ளங்காலில் தோன்றும் ஆறாப்புண்ணுக்கு எம்மருந்து சிறந்தது என்னும் வினா தமிழ் மருத்துவ மரபிலும் நவீன மருத்துவத்திலும் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. புண்ணின் மேல் இடப்படும் பொருள்களை ஒப்பிடுவதே இவ்வினாவுக்கு விடைதேடும் வழியாகப் பெரிதும் கொள்ளப்பட்டுள்ளது. புண்ணின் மீது ஏறும் உடல்பாரமே ஆறாமைக்கு முதன்மைக் காரணம் என்னும் அறிவு இருபதாம் நூற்றாண்டில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தொழுநோய் மருத்துவத்தின் வழியே உருப்பெற்றது. அவ்வறிவு அமெரிக்கா சென்று நீரிழிவு மருத்துவத்தின் விதியாக மாறியது. அது பிறந்த நிலத்திலோ அதன் வரலாறு பேசப்படாமலே போயிற்று. மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, பாதப்புண், தொழுநோய், மாவுக்கட்டு, எம்.சி.ஆர். செருப்பு, சித்த மருத்துவம், மதுரை, மானாமதுரை.

முன்னுரை

மதுரையின் செருப்புக் கடைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டால் மிருதுவான உட்பரப்புள்ள ஒரு காலணியை எடுத்து வைப்பர். சர்க்கரை நோயாளருக்குரிய செருப்பு என்றே அது இன்று அறியப்படுகிறது. எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பரைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம். வட ஆர்க்காட்டுத் தொழுநோய் மருத்துவமனைகளில், உணர்விழந்த பாதங்களைக் காக்கும் பொருட்டு உருவாக்கிப் பயன்படுத்தப்பட்ட பொருள் அது. பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது, வரலாறு மறைந்துவிட்டது.

இம்மறைவு ஒரு காலணியோடு நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10.1 கோடி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர். நீண்டநாள் நீரிழிவு நரம்புகளைப் பாதிக்கிறது, பாதம் மரத்துப்போகிறது, வலி தெரியாத பாதத்தில் புண் உண்டாகிறது, சீழ் பிடித்த புண் விரலையோ காலையோ இழப்பதில் முடிகிறது. எனவே எச்சிகிச்சையை எதனோடு ஒப்பிடுவது என்பது ஆய்வுமுறை பற்றிய வினா மட்டுமன்று. உழைத்துப் பிழைக்கும் ஒருவரின் கால் நிலைக்குமா என்பதும் அதில் அடங்கியுள்ளது.

1. மரபில் புண்ணும் மருந்தும்

புண்ணை ஆற்றும் அறிவு தமிழ் இலக்கியத்தில் தொன்மையானது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் வெள்ளூசி கொண்டு தைக்கப்பட்ட தழும்பு பேசப்படுகிறது. புறநானூற்றின் 281ஆம் பாட்டு, புண்பட்ட வீரனின் மனையில் வேப்பிலை செருகுவதையும் ஐயவி சிதறி நறும்புகை இடுவதையும் காட்டுகிறது. 353ஆம் பாட்டில் புண்ணின் மேல் வைத்த பஞ்சு குறிப்பிடப்படுகிறது. தைத்தல், பஞ்சிடல், புகையிடல் ஆகியன போர்ப்புண்ணுக்கு உரியவை. போர்ப்புண் வெளியிலிருந்து வந்த காயம், வலியுடையது, உடல் நலமுடையது. ஆறும் இயல்பு அதற்கு உண்டு.

நீரிழிவின் புண் வேறு தன்மையது என்பதை மருத்துவ நூல்கள் உணர்ந்திருந்தன. சுசுருத சங்கிதை புண்ணுக்கு அறுபது வகைச் சிகிச்சைகளை வகுப்பதோடு, நீரிழிவு உடையோரின் புண் அரிதில் ஆறும் என்றும் எச்சரிக்கிறது. சித்த மருத்துவத்தில் யூகி வைத்திய சிந்தாமணி மேகநோயை இருபது வகையாகப் பகுக்கிறது. நீரிழிவு முற்றிய நிலையில் பிளவையும் ஆறாப்புண்ணும் தோன்றும் என்பது சித்த மருத்துவர் நன்கறிந்த செய்தி.

இப்புண்ணுக்குச் சித்த மருத்துவம் இன்றும் பயன்படுத்தும் மருந்துகளுள் மத்தன் தைலம் குறிப்பிடத்தக்கது. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவதால் அது பச்சை நிறம் பெறுகிறது. துருசு என்பது செம்பின் உப்பு. செம்புக்குக் கிருமிகளை அழிக்கும் ஆற்றல் உண்டு என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. புண்ணைத் திரிபலாக் குடிநீரால் கழுவுதல், குங்கிலிய வெண்ணெய் இடுதல் ஆகியனவும் வழக்கிலுள்ளன. உணவில் பத்தியம் வற்புறுத்தப்படுகிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு பொதுப்பண்பு புலனாகிறது. கழுவுதல், அழுகலை நீக்குதல், மருந்திடல், கட்டுதல், உணவைக் கட்டுப்படுத்தல் என்னும் ஐந்தும் புண்ணின் மேற்பரப்பையும் நோயாளியின் உட்சூட்டையும் நோக்கியவை. அந்தப் புண்ணை ஊன்றி நோயாளி நடக்கிறாரா என்னும் வினா இவற்றில் முன்னிலை பெறவில்லை. இது மரபின் குறை என்று கருதுதல் பொருந்தாது. ஐரோப்பிய மருத்துவமும் அவ்வினாவை மிகப் பிந்தியே எழுப்பியது.

2. மதுரையில் நவீனப் புண் மருத்துவம்

மதுரை வட்டாரத்தில் மேலை மருத்துவம் வேரூன்றியதில் 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பெரும்பங்கு உண்டு. திண்டுக்கல்லில் எட்வர்ட் செஸ்டரும் மதுரையில் பிராங்க் வான் ஆலனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவப் பணி ஆற்றினர். அரசு சார்பில் எர்ஸ்கின் மருத்துவமனை வளர்ந்தது. அதுவே பின்னர் அரசு இராசாசி மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் ஏழை நோயாளர்க்கு இம்மருத்துவமனையே இறுதிப் புகலிடமாக விளங்கி வருகிறது.

இக்காலத்துப் புண் மருத்துவத்தை ஆண்ட கருத்து கிருமிக்கொல்லி என்பதாகும். 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தின் பயனை வெளியிட்டார். முதல் உலகப்போரின்போது 1915இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வெளுப்புத்தூளும் போரிக் அமிலமும் சேர்த்து யூசால் கரைசல் உருவாக்கப்பட்டது. மலிவாக மருத்துவமனையிலேயே தயாரிக்க முடிந்ததால் இந்திய அரசு மருத்துவமனைகளில் அது நெடுங்காலம் நிலைபெற்றது. பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடின் கரைசலும் அதனோடு சேர்ந்தன. காலையில் கட்டவிழ்த்து, கரைசலால் கழுவி, துணி வைத்துக் கட்டுவது அறுவை மருத்துவக் கூடங்களின் அன்றாடச் சடங்காயிற்று.

இந்தச் சடங்கை 1962இல் ஜார்ஜ் விண்டரின் ஆய்வு அசைத்தது. பன்றிகளின் தோலில் உண்டாக்கிய காயங்களுள் மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைக்கப்பட்டவை, காற்றில் உலரவிட்டவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் புதுத்தோல் பெற்றன. ஈரக்காயக் கொள்கை இவ்வாறு பிறந்தது. ஆயின் பன்றியின் முதுகுத் தோலில் இருந்தது ஓய்விலிருந்த காயம். நீரிழிவுப் பாதப்புண்ணோ நடந்துகொண்டே இருக்கும் காயம். இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர்கள் காயக்கட்டு ஆய்வாளர்கள் அல்லர், தொழுநோய் மருத்துவர்கள்.

3. தொழுநோய் கற்பித்த பாடம்

தொழுநோயும் நீரிழிவும் காரணத்தில் வேறானவை. ஒன்று கிருமியால் வருவது. மற்றது வளர்சிதை மாற்றக் கோளாறால் வருவது. ஆயினும் இரண்டும் பாதத்து நரம்பைத் தாக்கி உணர்வை அழிக்கின்றன. வலி இல்லாத பாதம் தன் காயத்தைத் தானே காட்டிக்கொடுப்பதில்லை. எனவே இரண்டிலும் உள்ளங்காலின் அதே இடங்களில், அதே வடிவில் புண்கள் தோன்றுகின்றன.

கொழும்பில் அறுவை மருத்துவராக விளங்கிய மில்ராய் பால் 1930களில் தொழுநோயாளரின் உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நடமாட்டத்தைத் தடுக்காமலே ஆற்றும் முறையைக் கையாண்டார். 1939இல் ஜோசப் கான் இந்தியாவில் இத்தகைய முறையை எழுதி வெளியிட்டார். பாதத்தின் அடிப்பரப்பு முழுவதையும் ஒட்டிப் படியுமாறு போடப்படுவதால் இதனை முழுத்தொடு மாவுக்கட்டு எனலாம். புண்ணுள்ள சிறு இடத்தில் குவியும் பாரத்தை இக்கட்டு பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்தளிக்கிறது. நோயாளி தன் விருப்பப்படி இதனைக் கழற்ற இயலாது என்பதும் இதன் வலிமையே.

இவ்வறிவுக்கு விரிவான அடிப்படை அமைத்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலைப் பகுதியில் பிறந்த அவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்பதே அக்கால நம்பிக்கை. நோயாளரை அன்றாடம் கவனித்த பிராண்ட் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். விரல்களை அழித்தது நோயன்று. உணர்வின்மையால் கவனிக்கப்படாத காயங்களே. உறங்கும்போது எலி கடித்தும் உணராத நோயாளருக்குப் பூனை வளர்க்கச் சொன்ன செய்தி அவர் வாழ்க்கை வரலாற்றில் நன்கறியப்பட்டது. உள்ளங்கால் புண்ணும் அவ்வாறே. மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுவதால் திசு அழற்சியுற்று உடைகிறது. நலமுள்ளவர் வலி கண்டவுடன் நடையை மாற்றிக்கொள்வர். உணர்வற்றவர் அதே அடியை அதே இடத்தில் வைப்பர்.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் திறக்கப்பட்ட ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியைத் தொடர்ந்தது. புண்ணை மாவுக்கட்டால் ஆற்றுவதும், ஆறிய பாதத்தை நுண்ணறை ரப்பர்க் காலணியால் காப்பதும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளாயின. காலணி செய்பவர் மருத்துவக் குழுவின் உறுப்பினரானார்.

மதுரைச் சமவெளிக்கும் தொழுநோய் மருத்துவம் அயலானதன்று. மதுரைக்குத் தென்கிழக்கே, மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர்பெற்ற மானாமதுரையில் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் பணியாற்றி வருகிறது. உணர்விழந்த பாதத்தைப் பேணும் துறைக்கென ஒரு மருத்துவமனை இச்சமவெளியிலேயே, நகரிலிருந்து சில மணிநேரப் பயணத்துக்குள் இருந்தது என்பது பின்வரும் விவாதத்துக்கு இன்றியமையாத செய்தி.

4. கடல் கடந்த அறிவு

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்குத் தொழுநோயாளர் சிலரே. நீரிழிவு நோயாளரோ நாடெங்கும் இருந்தனர். வேலூரில் கற்றது அங்கே நீரிழிவுக்குப் பொருத்தப்பட்டது. உணர்விழப்பைக் கண்டறிய இன்று உலகெங்கும் பயன்படும் 10 கிராம் நைலான் இழைச் சோதனைக்கும் கார்விலில் பர்க், சிம்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு அடிப்படையாயிற்று. அவ்வாய்வு தொழுநோயாளரையும் நீரிழிவு நோயாளரையும் ஒருங்கே சோதித்தது.

1989இல் மியூல்லரும் குழுவினரும் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு இத்துறையில் திருப்புமுனை. நீரிழிவுப் பாதப்புண் உடைய 40 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். மாவுக்கட்டுப் பெற்ற 21 பேரில் 19 பேருக்குச் சராசரி 42 நாளில் புண் ஆறியது. வழக்கமான மருந்துக்கட்டுப் பெற்ற 19 பேரில் 6 பேருக்கு மட்டுமே, அதுவும் சராசரி 65 நாளில் ஆறியது. 2001இல் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 63 பேரைக் கொண்டு பாரம் குறைக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டனர். 12 வாரங்களில் மாவுக்கட்டில் 89.5 விழுக்காடும், கழற்றக்கூடிய காலுறைக் கருவியில் 65 விழுக்காடும், அரைக்காலணியில் 58.3 விழுக்காடும் ஆறின.

கழற்றக்கூடிய கருவி ஏன் பின்தங்கியது என்பதற்கு 2003இல் அதே குழு விடை கண்டது. அக்கருவி பெற்ற நோயாளர் தம் அன்றாட நடையில் 28 விழுக்காட்டின்போது மட்டுமே அதனை அணிந்திருந்தனர். 2005இல் அதே கருவியைக் கழற்ற முடியாதவாறு சுற்றிக் கட்டி ஒப்பிட்டபோது ஆறும் அளவு ஏறத்தாழ 52 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காடாக உயர்ந்தது. கருவி மாறவில்லை, அதனைக் கழற்றும் வாய்ப்பே மாறியது.

5. மருந்துக்கட்டு ஒப்பீடுகள் காட்டுவது

பாரம் பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிட, மருந்துக்கட்டு பற்றியவை எண்ணிக்கையில் மிகப்பல. தேன், வெள்ளி, அயோடின், பினைடாயின், கொலாஜன் படலம், குருதித்தட்டுச் செறிவு, வளர்ச்சிக் காரணிகள் எனப் பட்டியல் நீளும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை அறுவை மருத்துவ ஆய்வேடுகளில் ‘இம்மருந்துக்கட்டும் வழக்கமான கட்டும்: ஓர் ஒப்பீடு’ என்பது பழகிய தலைப்பு.

இவ்வகையில் மிக நேர்த்தியாக நடத்தப்பட்டவற்றுள் ஒன்று ஜெஃப்கோட் குழுவினர் பிரிட்டனில் நடத்தி 2009இல் வெளியிட்டது. 317 பேரிடம் ஒட்டாத எளிய வலைத்துணி, அயோடின் தோய்த்த துணி, நீர் உறிஞ்சும் நவீன நாரிழைக் கட்டு ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. 24 வாரங்களில் ஆறிய அளவு முறையே 38.7, 44.4, 44.7 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இவற்றிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. விலையிலோ பெருவேறுபாடு உண்டு.

மருந்துக்கட்டுகள் அனைத்தும் பயனற்றவை என்று இதனால் முடிவு செய்தல் தவறு. பாதத்தின் ஒரு பகுதியை அகற்றிய பின் எஞ்சும் பெரிய காயத்தில் எதிர்மறை அழுத்தச் சிகிச்சை 56 விழுக்காட்டினருக்கும் வழக்கமான சிகிச்சை 39 விழுக்காட்டினருக்கும் பயனளித்ததை 162 பேர் கொண்ட 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குருதியோட்டமும் குறைந்த புண்களில் சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் தோய்த்த கட்டு 20 வாரங்களில் 48 விழுக்காட்டையும் அம்மருந்தில்லாக் கட்டு 30 விழுக்காட்டையும் ஆற்றியதாக 240 பேர் கொண்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. குறிப்பிட்ட வகைப் புண்ணுக்குக் குறிப்பிட்ட பொருள் உதவும் என்பதே இவற்றின் பொருள். அந்த உதவியும் பாரக்குறைப்பை அடித்தளமாகக் கொண்டபோதே அளக்கப்பட்டது.

நீரிழிவுப் பாதம் குறித்த பன்னாட்டுச் செயற்குழுவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதனையே உறுதிப்படுத்துகின்றன. முன்பாதத்திலும் நடுப்பாதத்திலும் உணர்வின்மையால் தோன்றும் புண்ணுக்கு, முழங்கால் வரை உயர்ந்த, கழற்ற முடியாத பாரக்குறைப்புக் கருவியே முதல் தேர்வு. புண்ணை ஆற்றும் நோக்கில் தேன், வெள்ளி முதலிய மேற்பூச்சுகளை அந்நெறிகள் பரிந்துரைக்கவில்லை.

இங்கு ஒரு வரையறையையும் வலியுறுத்த வேண்டும். குருதிக்குழாய் அடைப்பு மிகுந்த பாதத்திலும், கடுமையான சீழ்த்தொற்று உள்ள பாதத்திலும் மாவுக்கட்டு தீங்காகும். முன்னதற்குக் குருதியோட்டத்தை மீட்பதும் பின்னதற்கு உடனடி அறுவையும் நுண்ணுயிர்க்கொல்லியும் முதற்கடமை. எனவே ஒப்பீடு என்பது இரு மருந்துகளிடையே தொடங்குவதன்று; புண் எவ்வகையது என்று பிரித்தறிவதில் தொடங்குவது.

சிறிய ஒப்பீட்டாய்வுகள் தடுமாறும் இடமும் இதுவே. இரு பிரிவினரும் எவ்வளவு நடந்தனர், எக்காலணி அணிந்தனர், குருதியோட்டம் எவ்வாறிருந்தது என்பன பதிவாகாதபோது, புண் சுருங்கியது மருந்தாலா மருத்துவமனைப் படுக்கையில் கிடைத்த ஓய்வாலா என்று பிரிக்க இயலாது. படுக்கையில் ஆறிய புண் வீடு திரும்பியபின் மீண்டும் திறப்பது இக்குழப்பத்தின் விளைவு.

6. அறிவு மதில்தாண்டாமைக்குக் காரணங்கள்

தமிழ்நிலத்தில் விளைந்த அறிவு தமிழ்நாட்டு நீரிழிவு மருத்துவத்துக்கு ஏன் காலந்தாழ்ந்து வந்தது? நான்கு காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, ஒதுக்கம். 1898ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளரைப் பிரித்து வைக்க வழிவகுத்தது. அது 2016இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. தொழுநோய் மருத்துவமனைகள் ஊருக்கு வெளியே தனி வளாகங்களாக அமைந்தன. நோயாளரை ஒதுக்கிய மதில் அவர்கள் உடலிலிருந்து கற்ற அறிவையும் ஒதுக்கியது. தொழுநோயாளர் அணியும் செருப்பு என்ற அடையாளம் நீரிழிவு நோயாளரை அஞ்சி விலகச் செய்ததும் இதன் தொடர்ச்சியே.

இரண்டாவது, நோய் பற்றிய வர்க்கக் கற்பனை. நீரிழிவு பணக்காரர் நோய் என்றும் தொழுநோய் ஏழையர் நோய் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டன. உழவர்க்கும் கூலியாளர்க்கும் நீரிழிவு பரவியபோதுதான் இரு நோய்களும் ஒரே வகைப் பாதத்தில் சந்திப்பது தெளிவாயிற்று.

மூன்றாவது, துறைப்பிரிவு. சர்க்கரை அளவு பொதுமருத்துவரிடமும் புண் அறுவை மருத்துவரிடமும் சென்றன. காலணிக்கு மருத்துவமனையில் உரியவர் எவரும் இல்லை. கரிகிரியில் குழுவில் இடம்பெற்ற காலணித் தொழிலாளர் பொது மருத்துவமனையில் இடம்பெறவில்லை.

நான்காவது, கண்ணுக்குத் தெரியும் பராமரிப்பின் மீதான நம்பிக்கை. நாள்தோறும் கட்டு மாற்றுவது நோயாளிக்கும் உறவினர்க்கும் மருத்துவம் நடக்கிறது என்னும் நிறைவைத் தருகிறது. ஒரு வாரம் புண்ணை மூடி மறைக்கும் மாவுக்கட்டு அச்சத்தைத் தருகிறது. மருந்துக்கட்டை விற்க நிறுவனம் உண்டு. மாவுக்கட்டைப் பழகிய கைதான் போட வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. 2008இல் அமெரிக்காவில் 895 மையங்களிடம் திரட்டிய தகவலின்படி, பெரும்பாலான பாதப்புண்களுக்கு மாவுக்கட்டைப் பயன்படுத்தியவை 1.7 விழுக்காடு மையங்களே. சான்று மிகுந்த முறை மிகக் குறைவாகப் பயன்படுவது உலகப் பொதுமை.

தமிழ்நாட்டில் இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் நடந்துள்ளன. மு. விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை கண்டார். அந்நிறுவனத்திலிருந்து விஜய் விசுவநாதனும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, முன்பு பாதப்புண் கண்ட 241 பேரைப் பற்றியது. நுண்ணறை ரப்பர் முதலிய காப்புக் காலணிகளை அணிந்தோரில் 4 விழுக்காட்டினருக்கும், சாதாரணக் காலணி அணிந்தோரில் 33 விழுக்காட்டினருக்கும் புதிய புண் தோன்றியது. கரிகிரியின் ரப்பர் அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையில் எண்களால் உறுதிபெற்றது எனலாம்.

7. மதுரைச் சமவெளியில் பாரக்குறைப்பு

அமெரிக்க ஆய்வுகளின் மாவுக்கட்டை அப்படியே மதுரைச் சமவெளிக்குக் கொணர்வதும் பொருந்தாது. மேலூர் வட்டாரம் 1895இல் முடிந்த பெரியாறு அணையின் பாசனம் பெறுவது. நடவும் களையெடுப்பும் சேற்றில் நடப்பவை. திருமங்கலம் பகுதியின் கரிசல் மானாவாரி நிலம் வெடிப்பும் முள்ளும் நிறைந்தது. சேற்றில் இறங்கினால் மாவுக்கட்டு குலையும். இறங்காவிடில் அன்றைய கூலி இல்லை. வாரந்தோறும் கட்டு மாற்ற நகருக்கு வந்து செல்வது பேருந்துச் செலவோடு மற்றொருவரின் துணையையும் வேண்டும்.

வழிபாட்டு வாழ்வும் பாதத்தோடு பிணைந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கற்பாவிய வெளிகள், சித்திரைத் திருவிழாவின் வீதிகள், பழனிக்குச் செல்லும் பாதயாத்திரை, அம்மன் கோயில்களின் பூக்குழி ஆகியன வெறுங்காலோடு நிகழ்பவை. சித்திரை வெயிலில் கல்லும் தாரும் சுடுவதை உணர்வுள்ள கால் அறியும். மரத்த கால் அறியாது. வீட்டுக்குள் செருப்பணியாத பண்பாட்டில், வெளியே மட்டும் அணியும் காப்புக் காலணி நாளின் பாதி அடிகளைக் கூடக் காப்பதில்லை. 2003ஆம் ஆண்டு ஆய்வு கண்ட அதே உண்மை இங்கே பண்பாட்டு வடிவில் வெளிப்படுகிறது. வீட்டுக்குள் அணிவதற்கெனத் தனிக் காலணி, கோயில் வெளிகளுக்கு ஏற்ற தடித்த காலுறை, நேர்ச்சையை உறவினர் ஏற்று நிறைவேற்றுதல் போன்ற ஏற்பாடுகள் நம்பிக்கையைப் புண்படுத்தாமலே பாதத்தைக் காக்கக்கூடியவை.

மாவுக்கட்டு இயலாத இடத்தில் கழற்றக்கூடிய கருவியைக் கட்டுத்துணியால் சுற்றிக் கழற்ற முடியாததாக்குவதும், அதுவும் இயலாதபோது புண்ணைச் சுற்றி வெட்டிய பஞ்சுத் தகட்டைப் பாதத்தில் ஒட்டிப் பொருத்தமான காலணி அணிவிப்பதும் அடுத்தடுத்த வழிகள். காய்ப்பைச் சீவி அகற்றுவது எம்மருந்துக்கும் முந்திய கடமை; தடித்த காய்ப்பே அழுத்தத்தைப் பெருக்குவது. இவை எவற்றுக்கும் விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. பயின்ற கை தேவை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழி வீடுகளுக்கே செல்லும் பணியாளர்கள் நீரிழிவு மருந்தோடு பாதச் சோதனையையும் சேர்த்துச் செய்யும் அளவுக்கு இவ்வறிவு ஊர் எல்லைகளை எட்டும்.

முடிவுரை

நீரிழிவுப் பாதப்புண் மருத்துவத்தின் ஒப்பீட்டு வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவதாக, உணர்வின்மையால் தோன்றும் உள்ளங்கால் புண்ணில் மருந்துகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டைவிட, பாரத்தைக் குறைத்ததற்கும் குறைக்காததற்கும் இடையிலான வேறுபாடு மிகப்பெரிது. இரண்டாவதாக, அவ்வறிவு அயல்நாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. கொழும்பிலும் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளரின் பாதங்களிலிருந்து கற்கப்பட்டது. மூன்றாவதாக, சமூக ஒதுக்கம் நோயாளரை மட்டும் வருத்துவதில்லை. அவர்களால் விளைந்த அறிவையும் தடுத்து, பிறர் கால்களையும் காவு கொள்கிறது.

இதிலிருந்து ஆய்வுலகுக்கு இரு கடமைகள் எழுகின்றன. மருத்துவத்துறையில் இனி நிகழும் ஒப்பீடுகள் மருந்தின் பெயரோடு நோயாளி நடந்த அடிகளையும் அணிந்த காலணியையும் இழந்த கூலியையும் பதிவு செய்தல் வேண்டும். மத்தன் தைலம் போன்ற மரபு மருந்துகளின் உண்மை ஆற்றலும் பாரத்தைச் சமப்படுத்திய பின்னரே நேர்மையாக அளக்கப்படும். வரலாற்றுத்துறையில், தயாபுரம், கரிகிரி முதலிய தொழுநோய் மருத்துவமனைகளின் ஆவணங்களும், அங்குப் பாதத்துக்கேற்பச் செருப்புத் தைத்த தொழிலாளர்களின் வாய்மொழிச் சான்றுகளும் தமிழக மருத்துவ வரலாற்றின் மூலங்களாகத் தொகுக்கப்பட வேண்டும். அத்தொழிலாளர்கள் முதுமை எய்திவரும் இக்காலத்தில் இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.